ஈசல் விழுங்கிய தலைமை விருந்தினர்: சிரிக்கலாமா, டாக்டர்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். தெரு ஆண்டு விழாவுக்கு இருபது நிமிட நாடகம் போடுகிறார்கள், எழுதுவது இவர். கதை வீட்டிலேயே நடந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், கோயில் திடலில் மேடை. இவருடைய பெரிய மாமனார், அப்போது தலைமை ஆசிரியர், சுத்த சைவம், ஒழுக்கத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறார். ட்யூப்லைட்டைச் சுற்றிக்கொண்டிருந்த ஈசல்களில் ஒன்று அவர் வாய்க்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, எது நடந்தாலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதை ஒரு சுற்று வரும்.

நாடகத்தில் அந்தக் காட்சியை இப்படி எழுதியிருக்கிறார். ஈசல் உள்ளே போனதும் தலைமை விருந்தினரின் பேச்சு பட்டென்று நின்றுவிடுகிறது. கை தொண்டைக்குப் போகிறது, கண் பிதுங்குகிறது, சத்தமே இல்லாமல் மேடை முழுக்க ஆடுகிறார். ‘ஐயா ஊமை நாடகம் காட்டுகிறார்’ என்று கூட்டம் கைதட்டுகிறது. கடைசியில் விழாக்குழுச் செயலாளர் ஒரு சொம்புத் தண்ணீரை வாயில் கவிழ்க்க, அவர் “நான் சைவம்டா!” என்று அலறிவிட்டுச் சாய்கிறார்.

கேள்விகள் நாலு. இது மருத்துவப்படி நடக்கக்கூடியதா? ‘பூச்சி வயிற்றுக்குள்ளே உயிரோடு இருக்கும், முட்டைகூடப் போடும், அதையும் சேர்த்துக்கொள்’ என்று மாமியார் சொல்கிறார், சேர்க்கலாமா? தலைமை விருந்தினராக நடிப்பவர் நாத்தனார் கணவர், வயது 61, இன்ஹேலர் எடுப்பவர். தத்ரூபமாக இருக்க வாயில் ஒரு கறுப்பு உலர்திராட்சையைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார், விடலாமா? நாலாவதுதான் இவரை எழுதவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தியின் மகனுக்குக் கடலைப் பருப்பு மூச்சுக்குழாயில் போய் ஆஸ்பத்திரியில் எடுத்திருக்கிறார்கள். கதையைக் கேட்ட அந்தத் தோழி, “இதெல்லாம் சிரிக்கிற விஷயமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மத்தியானம் கிளினிக்கில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். “நான் சைவம்டா” வந்த இடத்தில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நர்ஸ் அம்மா ஓடி வந்து உச்சந்தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க டாக்டர்” என்றார். நினைத்தது நீங்கள்தான்.

உங்கள் காட்சியில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொல்வேன். ஆனால் அது சின்ன இடம் இல்லை. நீங்கள் சத்தத்தை எடுத்துவிட்டீர்கள். ஈசல் விழுங்கிய மனிதர் சத்தம் போடுவார். சத்தம் போடாதவர் ஈசல் விழுங்கியவர் இல்லை, மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டவர். முதலாமவரைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். இரண்டாமவருக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். நீங்கள் முதலாமவரின் கதையை எடுத்துக்கொண்டு அதில் இரண்டாமவரின் அறிகுறிகளை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தோழிக்குச் சிரிப்பு வராததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தன் பிள்ளையிடம் பார்த்ததை நீங்கள் தெரியாமல் மேடையில் ஏற்றிவிட்டீர்கள்.

ஈசல் எந்த வழியில் போகும்?

தொண்டையில் முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒரு வாய் சோறு விழுங்கும்போது கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள், குரல்வளை மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் குரல் நாண்கள் சேர்ந்து மூடிக்கொள்கின்றன, மேலே குரல்வளை மூடி கவிழ்கிறது, மூச்சு நிற்கிறது. உங்களுக்கே தெரியாமல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது.

மேடைப் பேச்சில் இந்த ஒழுங்கு கெடும். பேசுகிறவர் வாக்கியத்தை முடித்து, அடுத்த வாக்கியத்துக்காக வாய் வழியே பெரிதாக ஒரு மூச்சு இழுப்பார். காற்று ‘விசுக்’கென்று உள்ளே போகும். பக்கத்தில் பறக்கிற ஈசலுக்கு அதுதான் நேரம். அதாவது ‘ஒழுக்கம்’ என்று சொல்லும்போது போகாது. ‘ஒழுக்கமே உயிர்!’ என்று முடித்து, கைதட்டலுக்குக் காத்திருந்து, அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கிறாரே, அங்கே போகும். நடிப்பவருக்கு இதைச் சொல்லிவையுங்கள். காட்சிக்கும் நல்லது, பெருமிதம் உச்சியில் இருக்கிற வினாடி அது.

உள்ளே போன ஈசல் நாக்கின் அடிப்பகுதியிலோ தொண்டையின் பின்சுவரிலோ போய் மோதும். அந்த இடத்தில் எது பட்டாலும் குமட்டும், இருமல் வரும். அநேகமாக வெளியே துப்பிவிடுவார், இல்லையென்றால் அனிச்சையாக விழுங்கிவிடுவார். விழுங்கினால் சுமார் 25 சென்டிமீட்டர் நீள உணவுக்குழாயைச் சில வினாடிகளில் கடந்து வயிற்றில் விழும். அபூர்வமாகக் குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போனாலும், பெரியவர்களுக்கு அந்தக் குழாயின் அகலம் ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர். ஒரு ஈசல் அதை அடைக்காது. இருமல் மட்டும் பேய்த்தனமாக வரும். அந்த இருமல் விடாமல் நீடித்தாலோ, மறுநாளும் மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ டாக்டரிடம் வர வேண்டும்.

ஆக, உண்மையில் நடப்பது இது: ஒரு உறுமல், தொடர்ந்து இருமல், கண்ணில் நீர், மூக்கில் நீர். இரண்டு நிமிடம் கழித்து மைக்கைப் பிடித்துப் பேசப் போகிறார், குரல் வரவில்லை. வருவது கீச்சுக் குரல். இருமி இருமி நாண்கள் சிவந்திருக்கும், அதனால் முதல் ஐந்தாறு வார்த்தைகள் எட்டாம் வகுப்புப் பையன் குரல் உடைகிற மாதிரிதான் வரும். சிம்மக் குரலில் முழங்கிய தலைமை ஆசிரியர் கீச்சுக் குரலில் “ஆகவே மாணவர்களே...” என்று தொடர்வதை யோசித்துப் பாருங்கள். பிதுங்கிய கண்ணைவிட இது பெரிய சிரிப்பு இல்லையா? பாவம், அவர் முகத்தில் ஈயாடாது, தொண்டையில் ஈசலாடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பைக்கில் வரும்போது வாயில் ஈசல் போய்விட்டது, இன்னும் தொண்டையில் நடக்கிறது என்றார். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார், பிள்ளைகள் அடக்கவே இல்லை. இந்த மாதிரி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. சின்னக் கீறல் இருக்கும், அது ஒரு நாள் முழுக்க ‘ஏதோ இருக்கு, ஏதோ இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைத்தான் சொல்லி அனுப்பப் போகிறேன் என்று நினைத்து வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்தேன். வலது டான்சில் மடிப்பில் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்று மின்னியது. இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்தேன். ஒரு முழு இறகு. நரம்புக் கோடுகள்கூடத் தெரிந்தன. அவர் மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்கு வராது, உங்களுக்கு வரும்.

மாமியாருக்கு ஒரு பதில்

வயிற்றில் உயிரோடு இருக்காது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்காது. ஒரு நாளில் ஒன்றரை முதல் 2 லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிற இடம் நம் வயிறு. அமிலத்தில் எலுமிச்சைச் சாறு அளவுக்கு இருக்கும், சில நேரம் அதைவிடவும் கூடுதல். மூச்சு விடப் போதிய காற்றும் கிடையாது. ஈசலின் மேல் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற கெட்டிப் பொருளைக்கூட ஓரளவு உடைக்கிற நொதி நம் வயிற்றில் உண்டு. மீதி, கீரை நார் போகிற வழியிலேயே போய்விடும். ஈ முட்டையிட்ட அழுகல் உணவைத் தின்று வயிற்றுக்குள் புழு போவது மருத்துவத்தில் பதிவானதுதான், ஆனால் அது வேறு சமாசாரம், அதுவும் அபூர்வம். பறந்து வந்து வாயில் விழுந்த ஈசல் பிள்ளை பெறாது. வீட்டு ஈ என்றால் கூடுதலாக ஒரு கவலை உண்டு. அது எங்கெங்கோ உட்கார்ந்து கிருமியைக் காலில் சுமந்துகொண்டு வரும். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் வராது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். விழுங்கியவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்கவைப்பது. சும்மா இறங்கிப் போக வேண்டியதை மறுபடி மேலே கொண்டுவந்து மூச்சுக்குழாய் வாசலில் நிறுத்துகிற வேலை அது.

மாமியார் யோசனையை நான் அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். நாடகத்தில் ஒரு பாட்டி பாத்திரம் வந்து ‘முட்டை போட்டுடும்’ என்று பீதியைக் கிளப்பட்டும், பொய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி. லட்டில் எறும்பு இருந்தால் ‘எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்’ என்று சொல்லி ஊட்டிய தலைமுறை அது (தெரியாது, நானும் நிறையத் தின்றிருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன்). அதே வாய் ஈசலுக்கு மட்டும் ஏன் பதறுகிறது? நம் கிராமங்களில் மழைக்குப் பிறகு ஈசலைப் பிடித்து, இறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கத்துச் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. உங்கள் சைவத் தலைமை விருந்தினர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அந்த வழவழப்பான மேல்பூச்சு சில மாத்திரைகளில் அரக்குப் பூச்சி சுரந்த அரக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 100 கிராம் வேர்க்கடலை வெண்ணெயில் சராசரியாக 30 பூச்சித் துணுக்குகளை எட்டினால்தான் குறை என்று கணக்கில் எடுக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் விற்பனைக்கு வரும். செயலாளர் இதையெல்லாம் ஆறுதலாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் இன்னும் மோசமாகிக்கொண்டே போகலாம்.

திராட்சையும் வேண்டாம், குளவியும் வேண்டாம்

உலர்திராட்சை, கடலை, சீரகம், ஏலக்காய், எதுவும் வேண்டாம். நடிப்பவர் அந்த வினாடியில் செய்யப்போவது வாய் வழியே வேகமாக மூச்சு இழுப்பது. வாயில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு செய்யவே கூடாத காரியம் அதுதான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் வலது கிளை அகலமாகவும் கொஞ்சம் நேராகவும் இருக்கும். உள்ளே இழுபட்ட பொருள் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். திராட்சை ஈரம் பட்டு ஊதும். இன்ஹேலர் எடுக்கிற 61 வயதுக்காரருக்கு இது விஷப்பரீட்சை. ‘அதற்குள் முழுங்கிவிடுவேன்’ என்று அவர் சொல்வார். முழுங்குவதற்கும் மூச்சு இழுப்பதற்கும் நடுவே இருப்பது அரை வினாடி.

பொருள் எதற்கு? திரைக்குப் பின்னால் ஒரு பையன் மைக்கில் ‘ஙொய்ய்...’ என்று ஒலி கொடுக்கட்டும். ஈசல் அப்படிச் சத்தம் போடாதுதான், மேடைக்கு மன்னிக்கலாம். மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் கண்ணாலேயே அதைத் தொடரட்டும். மூச்சு இழுக்கிற இடத்தில் சத்தம் நிற்கட்டும். பார்ப்பவர்கள் அத்தனை பேர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கும்.

ஒத்திகையிலும் ஒரு எச்சரிக்கை. வேண்டுமென்றே அடித்து இருமுவது குரல் நாண்களை ஒன்றோடொன்று மோதவிடுகிற வேலை. ஒரே சாயங்காலத்தில் இருபது தடவை இருமிப் பார்த்தால் விழா அன்று கீச்சுக் குரலை நடிக்க வேண்டியிருக்காது. ஒத்திகையில் ‘இங்கே இருமல்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். கடைசி ஒத்திகையில் மட்டும் இருமட்டும். பையில் இன்ஹேலர் இருக்கட்டும்.

கடிதத்தின் ஓரத்தில், ஈசலுக்குப் பதில் குளவி வைத்தால் இன்னும் சிரிப்பாக இருக்கும் என்று நாத்தனார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். தேனீயோ குளவியோ தொண்டைக்குள் கொட்டினால் உள்ளே வீங்கும், வீக்கம் மூச்சை அடைக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரே கொட்டு போதும். அப்படி யாருக்காவது நடந்தால் ஐஸ் கட்டியைச் சப்பக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும், வீங்குகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்த குளிர்பானத்தில் குளவி இறங்கியிருப்பது தெரியாமல் குடிப்பதுதான் இது நடக்கிற சாதாரண வழி.

சிரிப்பை எங்கே நிறுத்துவது?

இருமுகிறவரை இருமவிடுங்கள். இருமலைவிட நல்ல வைத்தியம் எங்களிடமும் கிடையாது. உச்சந்தலையில் தட்டுவதால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை, அன்புக்காகத் தட்டிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் செயலாளர் சொம்பைக் கவிழ்ப்பது தப்பு. இருமிக்கொண்டிருப்பவர் வாயில் ஊற்றிய தண்ணீரும் அதே தப்பான வழியில் போகும். இருமல் அடங்கின பிறகு, அவரே வாங்கி, ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வேண்டும். செயலாளர் சொம்போடு ஓடி வரட்டும், பதற்றத்தில் அதை மைக்கில் ஊற்றட்டும்.

இருமல் நின்று, பேச்சு வராமல், மூச்சும் வராமல், கை கழுத்துக்குப் போனால், நாடகம் முடிந்தது, அந்த வினாடியே. “பேச முடியுதா?” என்று கேளுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, பலமாக. பலன் இல்லையென்றால் பின்னால் நின்று கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இந்த வயிற்று அழுத்தத்தை 1974-ல் ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார், அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் நிறைமாத கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, அவர்களுக்கு மார்பில்.

நீங்கள் எழுதியபடி காட்சி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் நாத்தனார் கணவருக்கு மேடையில் உண்மையாகவே அடைத்துக்கொண்டால் அவர் செய்யப்போவது அச்சு அசலாக நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான். கூட்டம் கைதட்டும். கதையில் கைதட்டியது போலவே. நான் சத்தத்தைத் திரும்ப வைக்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். சத்தம் இருக்கிற காட்சி என்றால், சத்தம் நின்றதும் எல்லோருக்கும் உறைக்கும். கூடவே ஒரு அடையாளமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் இருக்கும் துண்டை உருவிக் கீழே போட்டால் நடிப்பு இல்லை, உதவி என்று அர்த்தம்.

தோழி கேட்ட கேள்விக்கு நான் தொண்டை டாக்டராக ஒரு பழைய கேஸைச் சொல்கிறேன். நான்காம் ஏட்ரியன் என்று ஒரு போப், இங்கிலாந்திலிருந்து அந்தப் பதவிக்குப் போன ஒரே ஆள். 1159 செப்டம்பர் 1-ஆம் தேதி இத்தாலியில் அனாக்னி என்ற ஊரில் இறந்தார். குடிக்கும்போது ஈ தொண்டையில் சிக்கிப் போய்விட்டார் என்று ஒரு கதை கிளம்பியது. புனித ரோமானியப் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசாவோடு அவருக்குத் தீராத பகை இருந்த நேரம், எதிர்த்தரப்புக்கு எவ்வளவு வசதியான கதை! டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டி இறந்திருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. அந்தச் சீழ் தொண்டையை அடைக்கும், வாய் திறக்காது, எச்சில்கூட இறங்காது. இன்று ஊசி வைத்துச் சீழை எடுத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவருக்குக் கிடைத்தது அந்த ஈ மட்டும்தான், இத்தனை நூற்றாண்டு கழித்தும் பெயரைச் சொன்னால் அதுதான் முதலில் வந்து உட்காருகிறது. பெரிய மனிதர் வாயில் பூச்சி போனால் சிரிக்க ஊர் என்றைக்கும் தயாராகத்தான் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு நோயாளி இருந்தாரா என்று பார்க்கிற வேலை எங்களுக்கு.

தோழியிடம் திருத்திய காட்சியை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளையின் தொண்டையிலிருந்து சத்தம் வராமல் நின்ற நிமிஷத்தை ஒரு தாய் சீக்கிரம் மறக்க மாட்டாள். துண்டு அடையாளத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரைவிடக் கூர்மையாக அதைப் பார்க்க ஆள் கிடைக்காது. மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பெரிய மாமனாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். விழா அன்று அவர் முன்வரிசையில்தான் உட்காருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் போய், “மாமா, இப்படி ஒரு நாடகம் எழுதறேன், நீங்க கேட்டுட்டுச் சொல்லணும்” என்று அவரிடமே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் தலைமை ஆசிரியரை வட்டாட்சியராக்கிவிடுங்கள், ஈசலுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. சரி என்றால் ஒன்று கேளுங்கள். வீட்டில் எல்லோரும் இத்தனை வருஷமாகச் சொல்வது வெளியிலிருந்து பார்த்த கதை. தொண்டைக்குள் அது என்ன செய்தது, அவர் துப்பினாரா விழுங்கினாரா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.